ஏர்னஸ்ற்றின் பியரும் இராசாத்தியின் நாக்கும்

நேர்த்தி வைத்தவள் இராசாத்தி. அதைச் சுமப்பவன் அவளுடைய புருசன் ஏர்னஸ்ற். இது என்ன நியாயம் என்று ஏழு வருடமாக அவனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், ஆனால் மனதுக்குள் மட்டும்.

மகள் சுஜானிக்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் விடிய இராசாத்தி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் ஏறினாள். இத்தாலியின் பலெர்மோவில் உள்ள தமிழருக்கு ஒரு கஷ்டம் என்றால் வேதக்காரர், சைவக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் ஓடிப்போவது அந்தக் குகைக் கோயிலுக்குத்தான். அங்கே புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று, "என்ரை பிள்ளையைத் திருப்பித் தா தாயே, இவளின்ரை அப்பா இனிச் சாகுமட்டும் குடியிலை வாய் வைக்கமாட்டார்" என்று சொல்லிவிட்டாள். அவள் தன் தலைமுடியைக் கொடுத்திருக்கலாம். மீன் சாப்பிடுவதை விட்டிருக்கலாம். ஆனால் மீன்பிடி ஊரான பேசாலையில் பிறந்தவளுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது, எனவே புருசனின் பியரைக் கொடுத்துவிட்டாள். அன்று பின்னேரமே பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அதற்குப் பிறகு வழக்குப் பேச யாருக்கு வாய் வரும்?

அப்படி வாயைக் கட்டிய மனிதனுக்கு வேலை கிடைத்தது எங்கே தெரியுமா, பியர் வடிக்கும் இடத்தில். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் சிஞ்ஞோரா தொனத்தெல்லா என்ற முதலாளியம்மா ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். முன்னால் பார், பின்னால் பியர் காய்ச்சும் அறை, அதற்குக் கீழே நிலவறை. குடிக்காத ஆள் என்று கேள்விப்பட்டதும் அவள் ஏர்னஸ்ற்றை அந்த நிமிடமே எடுத்துக்கொண்டாள். போத்தல் குறையாது என்ற சந்தோசம் அவளுக்கு. மூன்று வருடமாக அவன் நிலவறையில் இரும்புப் பீப்பாய்களைக் கழுவினான். மோல்ற் என்கிற முளைவிட்ட பார்லியை அவித்த தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டுச் சக்கையை அள்ளினான். காஸ்ரிக் சோடா பட்டு விரல்கள் வெடித்தன. நாற்பத்தேழு வயதில் இடுப்புத் தட்டு விலகி, இப்படியே போனால் இன்னும் ஒரு வருடம்தான் இந்த வேலை செய்யலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் காய்ச்சும் அறையில் உதவிக்கு நின்ற பெடியன் மிலானுக்குப் போனான். சிஞ்ஞோரா எல்லோரையும் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னாள். கோடைக்குப் பேல் ஏல் என்கிற வெளிர்நிறப் பியர் புதிதாக ஒன்று வேண்டும். சுவை நிறைய இருக்கவேண்டும், கைப்பு குறையவேண்டும். இப்போது விற்கிற பியரைப் பாதிக் கிளாசோடு வைத்துவிட்டுப் போகிறார்களாம். கடையில் வேலை செய்கிற யாரும் வீட்டில் ஐந்து லீற்றர் காய்ச்சி மே மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை கொண்டுவரலாம். யாருடைய பியர் பிடிக்கிறதோ அவருக்கு மேலே காய்ச்சும் அறையில் வேலை.

ஏர்னஸ்ற் அன்று வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தான். அவனுக்கு வேண்டியது பரிசும் இல்லை, பெயரும் இல்லை. நிலவறைப் படிகளை விட்டு மேலே வரவேண்டும், அவ்வளவுதான். மூன்று வருடம் கீழே நின்று மேலே நடப்பதைக் கவனித்தவன். கொப்பி நிறைய எழுதியும் வைத்திருந்தான். பியருக்கு வாசமும் கைப்பும் தருவது ஹொப்ஸ் என்கிற ஒரு பச்சைப் பூ. அதைக் கொதியில் நெடுநேரம் கிடக்கவிட்டால் கைப்பு இறங்கும். அடுப்பை அணைத்தபின் போட்டால் வாசம் மட்டும் இறங்கும். இதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெரியாதது ஒன்றே ஒன்றுதான், தான் காய்ச்சியது எப்படி இருக்கிறது என்பது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

சீசா என்ற வட்டாரத்தில் அவர்களுடைய வீடு மூன்றாம் மாடி. பெப்ரவரி நடுவில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து அடுப்பை மூட்டினான். ஒரு கிலோ வெளிர் மோல்ற், நூற்றைம்பது கிராம் ஓட்ஸ். அறுபத்தேழு பாகையில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுப் பானையைச் சுஜானியின் பழைய போர்வையால் சுற்றினான். வடித்துக் கொதிக்கவைத்தபோது ஹொப்ஸ் ஒரு சிட்டிகை மட்டும். அடுப்பை அணைத்து, சூடு எண்பதுக்கு இறங்கியபின் பதினைந்து கிராம். ஈஸ்ற் போட்டு நுரை அடங்கிய பிறகு, துணியில் முடிந்து இன்னும் இருபது கிராம். மூன்று கிழமையில் போத்தல்கள் தயார். மூடியில் ஒன்று என்று எழுதினான். ஒன்றைத் திறந்து மூக்கை வைத்தான். நேர்த்தியில் வாய் என்றுதான் இருக்கிறது, மூக்கைப் பற்றி இராசாத்தி ஒன்றும் சொல்லவில்லை. தோடம்பழம், மந்தரீனோ என்கிற சின்னத் தோடை, அப்போதுதான் சுட்ட பாண் எல்லாம் ஒன்றாக மணத்தது. கிளாஸ் ஒன்றில் கொஞ்சம் ஊற்றினான்.

"அப்பா, நான் குடிச்சுப் பாக்கிறன், கே ப்ரொப்ளேமா சே, என்ன பிரச்சினை?" என்று சுஜானி கையை நீட்டினாள்.

"பதினாறு வயசிலை உனக்குப் பியரோ? போய்ப் படி" என்று தாய் அவளை விரட்டினாள். பிறகு கிளாஸைத் தானே எடுத்தாள். "தாங்கோ, நான் நாக்கிலை வைச்சிட்டுத் துப்புறன்."

இராசாத்தியின் நாக்கு பங்குக் கோயிலில் பேர்போனது. திருநாளுக்குப் பெரிய அண்டாவில் கறி காய்ச்சும்போது உப்புப் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். எவ்வளவு குறைகிறது என்று கரண்டிக் கணக்கில் சொல்வாள். ஏர்னஸ்ற் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு மிடறு எடுத்தாள், கண்ணை மூடினாள், குசினித் தொட்டியில் துப்பினாள்.

"கைக்குது" என்றாள்.

"எங்கை கைக்குது? முன்னுக்கோ, பின்னுக்கோ?"

"எல்லா இடமும்தான். வேப்பங்கொழுந்து மாதிரி."

ஏர்னஸ்ற்றுக்கு விளங்கவில்லை. கணக்கின்படி கைக்கக்கூடாது. மணக்கும்போதும் கைப்பதுபோலத் தெரியவில்லை. ஆனால் நாக்கு சொன்னால் சொன்னதுதான். மார்ச் மாதம் இரண்டாவது தடவை காய்ச்சினான், ஹொப்ஸைப் பாதியாக்கினான். இராசாத்தி, "கைக்குது, அவ்வளவு இல்லை, எண்டாலும் கைக்குது" என்றாள். ஏப்ரலில் மூன்றாவது தடவை. கொதியில் ஹொப்ஸே போடவில்லை. கடைத் தண்ணீர் வாங்கிக் காய்ச்சினான், குழாய்த் தண்ணீர்தான் பிழையோ என்ற சந்தேகத்தில். இராசாத்தி இந்த முறை துப்பவில்லை, விழுங்கிவிட்டாள். விழுங்கிவிட்டும் உதட்டைச் சுழித்து, "அடித்தொண்டையிலை நிக்குது" என்றாள்.

மேல்மாடியில் பாரதிப்ரியா என்று ஒரு பிள்ளை இருந்தாள். கும்பகோணத்துக்காரி, இங்கே யூனிவர்சிட்டியில் உணவு இரசாயனம் ஆராய்ச்சி செய்கிறாள். ஏர்னஸ்ற் தன் கொப்பியையும் மூன்று போத்தல்களையும் தூக்கிக்கொண்டு அவளிடம் போனான். அவள் முதலில் கணக்குப் போட்டாள், பிறகு மூன்றையும் குடித்துப் பார்த்தாள்.

"அண்ணா, முதல்ல செஞ்சது பிரமாதம். கசப்பே இல்ல. ரெண்டாவது பரவால்ல. மூணாவதுல வாசனையே போயிடுச்சு. நீங்க ஏன் குறைச்சுக்கிட்டே போறீங்க?"

"இராசாத்திக்குக் கைக்குதாம் பிள்ளை."

"உங்க கடை பியர்ல கசப்பு நாப்பத்தஞ்சு அலகு. இதுல இருபதுகூட வராது. கணக்கு பொய் சொல்லாதுண்ணா."

ஏர்னஸ்ற் தலையைச் சொறிந்துகொண்டு படியிறங்கினான். கணக்கு பொய் சொல்லாது, சரி. இருபத்திரண்டு வருடமாகக் கூட இருக்கும் மனுசி பொய் சொல்வாளா? இந்தப் பிள்ளை சீனி போடாமல் கறுப்புக் கோப்பி குடிக்கிறவள், வெள்ளிக்கு வெள்ளி பாவக்காய் பொரிக்கிறவள், அவளுக்கு எது கைக்கும்? இப்படி ஒரு நியாயம் சொல்லித் தன்னைத் தானே சமாளித்தான். ஆனால் இரவில் படுத்தால், மூக்கு ஒன்று சொல்கிறது, கணக்கு ஒன்று சொல்கிறது, நாக்கு ஒன்று சொல்கிறது, அதுவும் தன்னுடைய நாக்கு இல்லை என்று நினைப்பு ஓடியது. கண்ணைக் கட்டிவிட்டு ஊசியில் நூல் கோர்க்கச் சொன்ன கதையாக இருந்தது அவனுக்கு.

ஒரு மிடறு. ஒரே ஒரு மிடறு தான் குடித்துப் பார்த்தால் எல்லாம் வெளித்துவிடும். அந்த நினைப்பு வந்ததும் தமிழ்ப் பூசைக்கு வருகிற சுவாமியிடம் ஓடினான். பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலில் நின்று ஹொப்ஸ் தொடங்கி மூளைக்காய்ச்சல் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னான். சுவாமி பொறுமையாகக் கேட்டார்.

"நேர்த்தி வைச்சது ஆர்?"

"இராசாத்தி, சுவாமி."

"நீர் அதுக்கு ஓமெண்டு சொன்னனீரோ?"

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப அது உம்மைக் கட்டாது. ஒருவர் வைக்கிற நேர்த்தி அவரைத்தான் கட்டும். திருச்சபைச் சட்டமே அப்பிடித்தான். மற்றவையின்ரை தலையிலை நேர்த்தியைக் கட்டேலாது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி தாராளமாகக் கொடுத்துவிட்டார். ஏர்னஸ்ற் வீட்டுக்கு வந்தான். இராசாத்தி வேலைக்குப் போயிருந்தாள், சுஜானி பள்ளிக்கூடத்தில். முதலாம் நம்பர்ப் போத்தலைத் திறந்து கிளாசில் ஊற்றினான். நுரை மூக்கில் பட்டது. உதட்டுக்குக் கொண்டுபோனவனுக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது, குழாய் செருகிய சின்னக் கை ஞாபகம் வந்தது. ஏழு வருடம் பிடித்த கயிறு, கட்டு இல்லை என்று சுவாமி சொன்னதால் கை விட்டுவிடுமா? ஒருவேளை சுவாமி சொன்னது பிழையாகி, சாந்தா ரொசாலியாவுக்கு வேறு சட்டம் இருந்தால்? அவன் பயந்துபோனான். கிளாஸைத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவி, கை துடைத்த துணியையும் கழுவிப் போட்டான். இராசாத்தியிடம் சுவாமி சொன்னதைச் சொல்லவுமில்லை.

நாலாவது தடவை காய்ச்சியபோது ஹொப்ஸ் ஐந்து கிராமுக்கு இறங்கியிருந்தது. ஓட்ஸைக் கூட்டினான், ஊறவைக்கும் சூட்டையும் கூட்டினான், இனிப்பு நின்றால் கைப்பு தெரியாது என்று. இராசாத்தி குடித்துவிட்டு முதல்தடவையாகத் தலையை ஆட்டினாள்.

"இப்பதான் சரி. இதையே கொண்டுபோங்கோ."

பாரதிப்ரியா குடித்துவிட்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அண்ணா, இது பியர் இல்ல. பார்லித் தண்ணி. தயவுசெஞ்சு முதலாவதைக் கொண்டுபோங்க. ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கீங்கல்ல, வாசனை அப்படியேதான் இருக்கும்."

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஏர்னஸ்ற் மதில்மேல் பூனையாக நின்று, கடைசியில் ஒன்றிலும் மூன்று, நாலிலும் மூன்று போத்தல்களைப் பையில் போட்டான். இராசாத்தி அன்று மத்தியானத்தோடு வேலை முடித்து வந்து நின்றாள்.

"பை பாரம். உங்கடை இடுப்போடை தூக்கேலாது. நானும் வாறன்."

பார் என்றால் வாசற்படியும் மிதிக்காதவள் வருகிறேன் என்கிறாள். இது அவனுக்கு இன்னொரு குழப்பம். பஸ்ஸில் பொலிதேயாமா வரைக்கும் பையை அவள் மடியை விட்டு இறக்கவில்லை.

சிஞ்ஞோரா நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தாள். அதற்கு முன் அன்றைய தொட்டியைக் கழுவி முடிக்கவேண்டும். அவன் இராசாத்தியை நிலவறைப் படியடியில் ஒரு கதிரையில் இருத்திவிட்டு, றப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினான். ஆவி பறக்கும் சக்கையை வாளி வாளியாக அள்ளினான். தலையும் தோளும் தொட்டிக்குள், கால் வெளியில். முடித்து வெளியே வந்தவனால் நிமிரமுடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலக் கொஞ்ச நேரம் வளைந்தபடி நின்றான். நிமிர்ந்து பார்த்தபோது இராசாத்தி கதிரையை விட்டு எழும்பி நின்றாள்.

"இதுவோ உங்கடை வேலை?" என்று கேட்டாள்.

"ஓம். வேறை என்ன எண்டு நினைச்சனீர்?"

"பாரிலை கிளாஸ் கழுவுறீங்கள் எண்டு நினைச்சன்."

"மூண்டு வருசமாச் சொல்லுறன்தானே, பீப்பா, தொட்டி எண்டு."

"சொன்னனீங்கள்தான்" என்றுவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

மேலே நீண்ட மேசைக்கு முன்னால் சிஞ்ஞோரா இருந்தாள். மற்ற மூன்று பேரும் தங்களுடையதை ஊற்றி, எப்படிச் செய்தோம், எப்படி இருக்கும் என்று விளக்கிவிட்டார்கள். இனி ஏர்னஸ்ற்றின் முறை. அவன் பைக்குள் கையை விட்டான். கணக்கா, நாக்கா? நாக்குத்தான் என்று முடிவு செய்து நாலு என்று எழுதிய போத்தலை எடுத்து மேசையில் வைத்தான். மூடியைத் திறக்கப் போனவனின் கையை இராசாத்தி பிடித்தாள்.

"அதை வையுங்கோ."

"ஏன்?"

அவள் பையிலிருந்து ஒன்று என்று எழுதிய போத்தலை எடுத்து நீட்டினாள். "இதை ஊத்துங்கோ."

"இது கைக்குது எண்டு நீர்தானே சொன்னனீர்!"

"ஊத்துங்கோ எண்டுறன்."

சிஞ்ஞோரா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏர்னஸ்ற் மூடியைத் திறந்து கிளாசில் ஊற்றினான். சிஞ்ஞோரா கிளாஸை எடுத்து முகர்ந்தாள், குடித்தாள், மறுபடி குடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சொல்லு, இது எப்படிப்பட்ட பியர்? செய்தவன்தான் சொல்லவேண்டும்."

அதை ஏர்னஸ்ற் யோசித்தே வைத்திருக்கவில்லை. மோல்ற் எத்தனை கிராம், சூடு எத்தனை பாகை என்றால் சொல்லலாம். ருசியை எங்கே போய்ச் சொல்ல? பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.  மூன்று மாத உழைப்பு இந்த இடத்தில் முடிந்தது என்று நினைத்தான்.

அப்போது இராசாத்தி பேசினாள். இருபது வருடம் சிஞ்ஞோராக்களின் குசினிகளில் நின்று பொறுக்கிய இத்தாலி மொழி, வினைச்சொல்லெல்லாம் ஏறுமாறாகக் கிடக்கும், ஆனால் சாப்பாட்டுச் சொல் ஒன்றும் பிழைக்காது.

"முதல் மந்தரீனோ. பழம் இல்லை, தோல். நகத்தால் கீறினால் வருமே, அது. பிறகு பாண். வெளிப்பக்கம் இல்லை, உள்பக்கம், சூடு. கடைசியில் வெறும் தேத்தண்ணி மாதிரி கொஞ்சம். கைப்பு இல்லை. இவ்வளவும் கைப்பு இல்லை" என்று சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள். "விழுங்கினால் இன்னும் ஒரு வாய் கேட்கும்."

சிஞ்ஞோரா தொனத்தெல்லா கிளாஸை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "அப்படியேதான்! நான் மூன்று மாதமாகத் தேடியது இதைத்தான். ஏர்னஸ்ற், திங்கட்கிழமையிலிருந்து நீ மேலே. காலை எட்டு மணிக்கு வா. எல்லாத் தொட்டியிலும் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை."

ஏர்னஸ்ற் அதைக் கேட்டானா தெரியாது. அவன் பெண்சாதியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"முதல் நாளே தெரியும்" என்றாள் இராசாத்தி. தமிழில் சொல்வதால் யாருக்கும் விளங்காது என்று குரலைக்கூடத் தணிக்கவில்லை. "வேலை கிடைச்சால் ஒவ்வொரு நாளும் குடிச்சுப் பாக்கவேணும் எண்டு சுஜானி சொன்னவள். அதுதான் கைக்குது எண்டனான். நீங்கள் பிழையாச் செய்யவேணும் எண்டுதான் சொன்னனான்."

"நாலாவது?"

"அது வாயிலை வைக்கேலாது. அதுதான் கொண்டுபோங்கோ எண்டனான்."

அவனுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். மூன்று மாதம் அவனைப் பைத்தியக்காரனாக்கி அலைய விட்டிருக்கிறாள். அதே நேரம், பிள்ளைக்காக ஒருத்தி தன் நாக்கையே பொய் சொல்ல வைத்திருக்கிறாள் என்று நினைக்கக் கோபம் பாதி இறங்கியது. எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் அவன் சுவாமி சொன்னதைச் சொன்னான்.

"அந்த நேர்த்தி என்னைக் கட்டாதாம். சுவாமி சொன்னவர். வைச்சவரைத்தான் கட்டுமாம்."

"அப்ப என்னைக் கட்டும்தானே." அவள் ஈரமான அவனுடைய கையை எடுத்து, வெடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "வைச்சது நான். ஞாயிற்றுக்கிழமை நானே மலையேறிப் போய்ச் சொல்லுறன். உங்கடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு என்ரையிலை ஒண்டைக் குடுத்திட்டு வாறன்."

"என்னத்தைக் குடுக்கப் போறீர்?"

அவள் நாலாவது போத்தலைத் திரும்பப் பையில் வைத்தாள். சிஞ்ஞோராவுக்கு இவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. புதுக்கிளாஸ் ஒன்றில் நிறைய ஊற்றி ஏர்னஸ்ற்றின் கையில் திணித்து, குடி, உன்னுடைய பியர்தானே என்றாள். எல்லோரும் அவன் குடிப்பதைப் பார்க்கக் காத்து நின்றார்கள். மந்தரீனோத் தோல் மணம் நேராக மூக்கில் ஏறியது.

"ஞாயிற்றுக்கிழமை" என்றான் ஏர்னஸ்ற் இத்தாலியில்.

"என்ன ஞாயிற்றுக்கிழமை? ஏன் ஞாயிற்றுக்கிழமை?"

அவன் அதை விட்டுவிட்டு இராசாத்தியின் பக்கம் திரும்பினான். "சொல்லுமப்பா. என்னத்தைக் குடுக்கப் போறீர்?"

"அது எனக்கும் மலையிலை இருக்கிற தாய்க்கும் இடையிலை" என்றாள் இராசாத்தி. கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் வழக்கமான குரல்தான். "நீங்கள் இப்ப கிளாஸை வையுங்கோ."

அவன் கிளாஸை மேசையில் வைத்தான்.